30 நாள் குடிநோய் மறுவாழ்வு மையம்: உள்ளே கிடைத்ததும் வாசலுக்கு வெளியே விடுபட்டதும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் அண்ணன் 30 நாட்கள் தங்கிச் சிகிச்சை பெற்ற ஒரு தனியார் குடிநோய் மறுவாழ்வு மையத்தைப் பற்றிய மதிப்பீடு இது. திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் அந்த மையத்தின் பெயரை நான் எழுதவில்லை. அண்ணன் யார் என்பது அதன் வழியாக வெளியே தெரியக் கூடாது என்பது ஒரு காரணம். நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஒரு மையத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பது இன்னொரு காரணம். கட்டிலையும் சாப்பாட்டையும் கட்டணத்தையும் பார்த்து மறுவாழ்வு மையத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் நம் வழக்கம். குடிக்கும் உடல் போதையைத் தாங்கப் பழகுவது எப்படி என்பதை அந்த மையம் எவ்வளவு அறிந்து வைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் 19 ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். தாங்குதிறன் என்ற சொல் எனக்குப் புதிதல்ல. ஒரே அளவு மருந்து நாளடைவில் குறைவாக வேலை செய்வதற்கு மருந்தியல் பாடத்தில் இரண்டு காரணங்களைப் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். கல்லீரலில் நொதிகள் பெருகி மருந்தை விரைவாகச் சிதைக்கின்றன என்பது ஒன்று. மூளையில் மருந்து வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகள் தங்களை மாற்றியமைத்துக்கொள்கின்றன என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் அண்ணன் குடித்த விதத்தை இந்த இரண்டையும் வைத்து என்னால் ஒருபோதும் விளக்க முடிந்ததில்லை.

அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மாலை ஆறரை மணிக்குப் பட்டறையின் ஷட்டரை இறக்குவார்; அடுத்த தெருவில் மதுக்கடையை ஒட்டிய பாருக்குள் போய், சுவரோரம் இருக்கும் அதே மேசையில் உட்காருவார். ஒரு பிளாஸ்டிக் தம்ளர், இரண்டு தண்ணீர் பாக்கெட், ஒரு பொட்டலம் வேகவைத்த கடலை, ஒரு குவார்ட்டர் பிராந்தி என்று தொடங்கியது, பத்தாண்டுகளில் இரண்டு குவார்ட்டர் ஆனது. குடித்து முடித்ததும் நான்கு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வீட்டுக்கு வருவார்; வாசல் குழாயில் கால் கழுவுவார், துண்டை மடித்துக் கொடியில் போடுவார், சம்மணமிட்டு உட்கார்ந்து சிந்தாமல் சிதறாமல் சாப்பிடுவார். எவ்வளவு குடித்தாலும் மனிதர் ஸ்டெடி என்று உறவினர்கள் சொல்வார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. 180 மில்லிலிட்டர் குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால், ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் உள்ளே போகிறது. சராசரிக் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். நெடுநாள் குடிப்பவரின் கல்லீரல் அதைவிடக் கொஞ்சம் விரைவாகக் கரைக்கலாம். எப்படிக் கணக்குப் போட்டாலும், அவர் துண்டை மடித்துக் கொடியில் போட்ட அந்த நேரத்தில் அவர் ரத்தத்தில் இருந்தது, வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பைப் பல மடங்கு தாண்டிய அளவு.

இதே மனிதர், மையத்தில் சேர்வதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கோயம்புத்தூரில் நடந்த ஒரு கல்யாணத்தில் அரைக் குவார்ட்டரைக்கூட எட்டாத அளவில் நிலைகுலைந்து விழுந்தார். காலை பத்து மணி, சிற்றுண்டி சாப்பிட்டாகிவிட்டது, லாட்ஜ் அறையில் ஒன்றுவிட்ட தம்பி ஆரஞ்சுச் சாற்றில் வோட்கா கலந்து கொடுத்திருக்கிறார். அரை மணி நேரத்தில் பேச்சு குழறியது. மண்டபத்தின் படியில் சரிந்து புருவத்தில் நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. வழக்கமாகக் குடிப்பதில் நாலில் ஒரு பங்கு கூட இல்லாததால், அதில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று எங்கள் வீட்டில் உறுதியாக நம்பினோம். அந்த நம்பிக்கையால் இரண்டு குடும்பங்களுக்கு இடையே பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

மையத்தில் சேர்த்த அன்று ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) ஒரு நான்கு பக்கப் படிவத்தை எடுத்துக்கொண்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். எவ்வளவு குடிப்பார், எத்தனை ஆண்டுகளாக என்பவை வழக்கமான கேள்விகள். அடுத்த பக்கத்தில் எந்த இடம், எந்த நேரம், யாரோடு, எந்தத் தம்ளரில், உடன் என்ன சாப்பிடுவார், குடித்த பிறகு என்ன வேலை செய்வார் என்று வரிசையாகக் கேள்விகள் இருந்தன. கடைசியில், வழக்கத்தைவிடக் குறைவாகக் குடித்தும் அதிகமாகப் போதை ஏறிய நாள் உண்டா என்று ஒரு கேள்வி. அண்ணி கல்யாணக் கதையைச் சொன்னார். யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஆற்றுப்படுத்துநர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "கலந்திருக்க வேண்டியதில்லைம்மா. காலை நேரம் புதிது, லாட்ஜ் ரூம் புதிது, வோட்கா புதிது, ஆரஞ்சு ஜூஸ் புதிது. சாருடைய உடம்புக்குச் சாராயம் வருதுன்னு முன்கூட்டியே சேதி சொல்ல அங்கே ஒண்ணுமே இல்லை" என்றார். கல்லீரல் கெட்டுப்போனாலும் இப்படித் தாங்குதிறன் திடீரென இறங்கும் என்பதால், அதை விலக்குவதற்காக அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஜிஜிடி நொதி உயர்ந்திருந்தது. ஆனால் கல்லீரல் செயலிழக்கும் நிலைக்குப் போகவில்லை. இந்த ஒரு மணி நேரத்துக்காகவே அந்த மையத்துக்கு நான் நன்றி சொல்வேன்.

அவர் சொன்னதை நான் அன்று முழுமையாக நம்பவில்லை. இரவு வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, மருந்தியல் பாடத்தில் எங்களுக்கு இதை ஏன் யாரும் சொல்லித்தரவில்லை என்ற ஆதங்கம்தான் மிஞ்சியது. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெப்பர்ட் சீகல், மார்ஃபினைத் தாங்கும் திறன் உடல் கற்றுக்கொள்ளும் ஒன்று என்பதை எலிகளைக் கொண்டு 1975ஆம் ஆண்டிலேயே காட்டியிருக்கிறார். பாவ்லோவின் நாய்க்கு மணியோசை கேட்டதும் எச்சில் ஊறியது போல, மருந்து வரும் இடத்தையும் வேளையையும் வாசனையையும் அறிந்துகொண்ட உடல், மருந்து வருவதற்கு முன்பே அதன் விளைவுக்கு எதிர்த்திசையில் தன்னைத் தயார்செய்துகொள்கிறது. ஆல்கஹால் எலியின் உடல் வெப்பத்தைக் குறைக்கும். பலமுறை ஒரே அறையில் ஆல்கஹால் கொடுத்துப் பழக்கிய எலிக்கு, அதே அறையில் ஒருநாள் வெறும் உப்புநீரை ஊசியாகப் போட்டால் உடல் வெப்பம் ஏறுகிறது என்று 1979இல் டொரொன்டோ ஆய்வாளர்கள் கண்டார்கள். வராத சாராயத்துக்கு எதிராக உடல் மல்லுக்கு நிற்கிறது. இந்த எதிர்வேலை மருந்தின் வேலையை ஈடுசெய்வதைத்தான் நாம் வெளியிலிருந்து பார்த்துத் தாங்குதிறன் என்கிறோம்.

இவற்றில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது சீகலும் உடன் பணியாற்றியவர்களும் 1982இல் வெளியிட்ட சோதனை. எலிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அளவை ஏற்றி ஹெராயின் கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவு கொடுத்தார்கள். ஹெராயினே அறியாத எலிகளில் 96 சதவீதம் இறந்தன. பழகிய எலிகளில், பழகிய அறையிலேயே அந்த ஊசியைப் பெற்றவற்றில் 32 சதவீதம் இறந்தன. அதே அளவு பழகியிருந்தும் வேறு அறையில் ஊசியைப் பெற்றவற்றில் 64 சதவீதம் இறந்தன. பின்னிரண்டு கூட்டத்துக்கும் கல்லீரல் ஒன்றுதான், மருந்து ஒன்றுதான், அளவு ஒன்றுதான். அறை மட்டும்தான் வேறு. மனிதர்களிடமும் இதன் சாயல் உண்டு. 1997இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே அளவு ஆல்கஹாலைப் பழகிய பீராகக் குடித்தவர்களைவிட, முன்பின் அறியாத நீல நிறப் புதினாச் சுவை பானமாகக் குடித்தவர்கள் அதிகமாகத் தடுமாறினார்கள். அதைப் படித்து முடித்த இரவு பதினொரு மணிக்கு, கோயம்புத்தூர்த் தம்பிக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

மையத்தின் மருத்துவப் பிரிவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அது சரியாக இருந்தது. நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து கைநடுக்கமும், இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் பிதற்றலுடன் கூடிய உயிராபத்தும் வரலாம். ஆகவே வீட்டில் அறைக்குள் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தலாம் என்று யாரும் எண்ணக் கூடாது. மையத்தில் மனநல மருத்துவர் நாள்தோறும் வந்தார். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் குளோர்டயசெபாக்சைடு மாத்திரையை முதல் நாள் அதிகமாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியை முதல் நாளிலேயே போட்டார்கள். நான் தொழில் முறையில் அந்த மருந்து அட்டையைப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்று வரவேற்பறையில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருந்தது. சேர்ப்பதற்கு முன்பு இந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் சேர்க்க வேண்டாம்.

சாப்பாடு நன்றாக இருந்தது. கட்டில்கள் நெருக்கமாகப் போடப்பட்டிருந்தன. கைபேசியை முதல் 15 நாட்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அது சரி என்றே எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த குடும்ப வகுப்புதான் இந்த மையத்தின் உயிர். குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சைக்குள் கொண்டுவரும் முறைக்குத் தமிழ்நாட்டில், சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மையம் முன்னோடி; இன்று பல மையங்கள் அதைப் பின்பற்றுகின்றன, பெயரளவுக்கு நடத்துபவையும் உண்டு. இங்கே அது பெயரளவுக்கு நடக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு ஆற்றுப்படுத்துநர் அண்ணியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, சார் தள்ளாடிக்கிட்டு வந்தால் வீட்டில் என்ன நடக்கும்? நேராக நடந்து வந்தால் என்ன நடக்கும்?" அண்ணி யோசித்துவிட்டு, தள்ளாடி வந்தால் தான் கத்துவதாகவும், பிள்ளைகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதாகவும், சாப்பாடு மேசையிலேயே ஆறிப்போய்க் கிடக்கும் என்றும், நேராக வந்தால் பேசாமல் சோறு போட்டுவிடுவதாகவும் சொன்னார். பத்தாண்டுகளாக ஒவ்வொரு இரவும் அந்த வாசலில் நடந்தது ஒரு பயிற்சி என்று ஆற்றுப்படுத்துநர் விளக்கினார். குடித்துவிட்டும் குடிக்காதவரைப் போல நடந்தால் சோறும் அமைதியும் கிடைக்கும், இல்லாவிட்டால் சண்டை. தெரிந்தோ தெரியாமலோ அண்ணனின் உடல் அந்தப் பரிசுக்காகத் தினமும் உழைத்திருக்கிறது.

அண்ணியின் முகம் அப்போது எப்படி மாறியது என்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தவர், சுற்றுவதை நிறுத்திவிட்டார். தன்னால்தான் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். ஆற்றுப்படுத்துநர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. குடித்து வந்த கணவனிடம் கோபப்படாத மனைவி உலகத்தில் இல்லை. தவறு கோபத்தில் இல்லை. ஆனால் தள்ளாடாமல் நடப்பதைக் குறைவாகக் குடித்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு நாம் எல்லோரும் ஏமாந்தோம் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள் என்றார். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மூரியல் வோகல்-ஸ்ப்ராட் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்தது இதைத்தான் என்று பின்னர் படித்தேன்: ஆல்கஹால் உள்ளே இருக்கும்போது ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் பலன் உண்டு என்று தெரிந்தவர்கள், பலன் எதுவும் இல்லாதவர்களைவிட விரைவாகத் தாங்குதிறன் பெறுகிறார்கள். அதற்கும் முன்பே, 1968இல், சென் என்ற ஆய்வாளர் எலிகளில் ஒரு கூட்டத்துக்குப் புதிர்ப்பாதையில் ஓடுவதற்கு முன்பும், இன்னொரு கூட்டத்துக்கு ஓடி முடித்த பின்பும் ஒரே அளவு ஆல்கஹால் கொடுத்தார். இரண்டு கூட்டமும் குடித்த அளவு சமம். ஆனாலும் போதையோடு ஓடிப் பழகிய எலிகள்தான் பின்னர் போதையிலும் நன்றாக ஓடின. ஓடிய பிறகு குடித்தவை, சோதனை நாளில் முதன்முறையாகப் போதையோடு ஓட வேண்டியிருந்தபோது தடுமாறின. அண்ணன் பட்டறையிலிருந்து வீடு வரை அதே நான்கு கிலோமீட்டரைப் பத்தாண்டுகள் போதையோடு ஓட்டிப் பழகியவர். அந்தச் சாலையில் அவர் காட்டிய நிதானம் அந்தச் சாலைக்கு மட்டும் உரியது. ஒரு மாடு குறுக்கே வந்திருந்தால் அந்தப் பழக்கம் அவரைக் காப்பாற்றியிருக்காது. தள்ளாடாத நாட்களிலும் கல்லீரல் முழு அளவையும்தான் வாங்கிக்கொண்டிருந்தது. அதை ஸ்கேன் காட்டிவிட்டது.

இவ்வளவு அறிந்த ஒரு மையம், அறிந்ததை 30 நாளின் இரண்டாம் பாதிக்குக் கொண்டுசெல்லவில்லை என்பதுதான் என் குறை. மூன்றாவது வார வகுப்பில் வியட்நாம் போர் வீரர்களின் கதையைச் சொன்னார்கள். அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார். 1971இல் அமெரிக்கா திரும்பியவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்த லீ ராபின்ஸ், அப்படி அடிமையாகியிருந்தவர்களில் முதல் ஆண்டில் ஏறக்குறைய 5 சதவீதம் பேரே மீண்டும் அடிமையானார்கள் என்று கண்டார். இடம் மாறினால் மனிதன் மாறுவான் என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். நோயாளிகளுக்கு நம்பிக்கை வந்தது, அது நல்லதுதான். ஆனால் எனக்கு இதில் ஓர் உறுத்தல் இருந்தது, வகுப்பு முடிந்ததும் எழுந்து கேட்டேன். அந்த வீரர்கள் ஹெராயின் பழகிய இடத்தை விட்டுவிட்டு, அது பழகாத தங்கள் ஊருக்குப் போனார்கள். எங்கள் அண்ணன் நேர்மாறாக, மது இல்லாத இந்த வளாகத்திலிருந்து, ஆறரை மணியும் ஷட்டர் சத்தமும் அடுத்த தெருப் பாரும் இருக்கிற இடத்துக்கே திரும்பப் போகிறார். அப்படியானால் இந்தக் கதை எங்களுக்குத் தருவது நம்பிக்கையா, எச்சரிக்கையா? நல்ல கேள்வி என்றார்கள், பதில் கிடைக்கவில்லை.

பதில் சீகலின் எலிகளிடம் இருந்தது. மருந்து இல்லாமல் சும்மா நாட்கள் கழிவதால் மட்டும் கற்றது அழிந்துவிடுவதில்லை. மருந்து வந்த அதே சூழலில், மருந்து வராத அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைத்தால்தான் உடல் அந்த எதிர்பார்ப்பைக் கைவிடுகிறது. 30 நாள் ஒருவரை அவருடைய தெருவிலிருந்து பிரித்து வைப்பது நடுக்கத்தையும் வலிப்பையும் கடக்க மிகவும் தேவை. ஆனால் தெரு கற்றுக்கொடுத்ததை மறப்பதற்கு அது போதாது. மையத்தில் 26ஆம் நாள் ஒரே ஒரு முறை, ஆற்றுப்படுத்துநர் நான்கு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு அழைத்துப் போனார்; மதுக்கடை இருக்கும் கடைத்தெருவில் நடந்து, டீ குடித்துவிட்டு, உடம்பில் என்ன தோன்றியது என்று திரும்பி வந்து பேசவைத்தார். அருமையான முயற்சி. அதை 15ஆம் நாளில் தொடங்கி ஏழெட்டு முறை செய்திருக்க வேண்டும், முடிந்தால் நோயாளியின் சொந்தத் தெருவிலேயே செய்திருக்க வேண்டும். நான் கேட்டதற்கு, ஆள் பற்றாக்குறை என்றார்கள். அது உண்மையான காரணம்தான். இரண்டு ஆற்றுப்படுத்துநர்கள் 22 பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மாலை அண்ணன் பட்டறைக்குப் போனார். ஷட்டரை இறக்கியதும் உள்ளங்கை வியர்த்து, விரல்கள் லேசாக நடுங்கியதாகவும், காலையிலிருந்து அப்படி எதுவும் இல்லை என்றும் சொன்னார். முதல் வாரத்து நடுக்கம் திரும்பிவிட்டதோ என்று அண்ணி பயந்துபோனார். சாராயம் வரப்போகிறது என்று உடல் தயாராகிறது, வராமல் போனால் அந்தத் தயாரிப்பு மட்டும் நடுக்கமாகவும் வியர்வையாகவும் தாகமாகவும் வெளியே தெரிகிறது என்று நான் விளக்கியதும் இருவருக்கும் பயம் தெளிந்தது. ஆற்றுப்படுத்துநருக்குப் போன் செய்தோம். இரண்டாவது மணியிலேயே எடுத்தார், அண்ணனோடு இருபது நிமிடம் பேசினார். பட்டறையை இனி ஐந்தரைக்கு மூடுவது, மகன் வந்து ஷட்டரை இறக்குவது, வேறு சாலையில் வீட்டுக்கு வருவது என்று அன்று முடிவாயிற்று. சில வாரங்கள் கழித்து, மகன் உடன்வர, பழைய சாலையிலும் வேண்டுமென்றே நடந்து வரத் தொடங்கினார். மாதக் கடைசியில் நடுக்கம் நின்றது. இந்தத் தொலைபேசி உதவிக்கு அவர்கள் பணம் வாங்கவில்லை.

நான்காவது மாதம் அண்ணன் ஒருமுறை சறுக்கினார். பெரியப்பா இறந்த துக்க வீட்டில், பழைய ஞாபகத்தில், பழைய கணக்கிலேயே ஒன்றரைக் குவார்ட்டரை அரை மணி நேரத்தில் குடித்திருக்கிறார். கை பழைய அளவை மறக்கவில்லை. அதைத் தாங்கும் உடல்தான் இப்போது இல்லை. கல்லீரல் நொதிகள் இறங்கிவிட்டன, மூளை தேறிவிட்டது, பார் மேசையும் கடலைப் பொட்டலமும் இல்லாத புது இடம். வாந்தியெடுத்து நினைவிழந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நல்லவேளையாக அருகிலிருந்த அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்; மறுநாள் மதியம்தான் சரியாகப் பேசினார். தாங்குதிறன் இறங்கிவிட்டது, இனிப் பழைய அளவு உயிருக்கே ஆபத்து என்று ஒரு வரி, மையம் தந்த விடுவிப்புத் தாளில் இல்லை. அதே வளாகத்தில், அபின் வகை வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுப் பழகிய இளைஞன் ஒருவன் அண்ணனோடு ஒரே நாளில் விடுவிக்கப்பட்டான். அவன் தாயிடம் இதே எச்சரிக்கையை இரண்டு முறை சொல்லிக் கையெழுத்தும் வாங்கினார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்கள் முதல் இரண்டு வாரங்களில் அளவு மீறிய போதையால் இறக்கும் அபாயம் பொதுமக்களைப் போல 129 மடங்கு என்று 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. அபின் வகை மருந்துகளில் இந்த ஆபத்து அவ்வளவு பெரியது என்பதால் அவனுக்குச் சொன்னது மிகவும் சரி. குடிநோயாளிக்கும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மறுபடியும் குடிக்க அனுமதி கொடுத்ததாக ஆகிவிடும் என்று அவர்கள் அஞ்சியதாகப் பிறகு விளக்கம் தந்தார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது; ஆனால் மறுபடி குடிப்பவர்கள் பலர் என்பது அவர்களுக்கே தெரிந்த செய்தி, அவர்களில் ஒருவராவது பழைய கணக்கில் ஊற்றிக்கொள்ளாமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.

மையத்தின் மனநல மருத்துவர் அந்த நிகழ்வுக்குப் பிறகு அண்ணனைத் திட்டவில்லை, மீண்டும் 30 நாள் சேருங்கள் என்று கட்டணம் கேட்கவும் இல்லை. ஒரு நாள் வெளிநோயாளியாகப் பார்த்து, குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை எழுதிக் கொடுத்து, மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் வரச் சொன்னார். இப்போது ஏழு மாதங்களாக அண்ணன் குடிக்கவில்லை.

தெரிந்தவர்கள் கேட்டால் இந்த மையத்தை நான் பரிந்துரைக்கிறேன். மருத்துவமும் குடும்ப வகுப்பும் நம்பத் தக்கவை. 30 நாளுக்கு 42,000 ரூபாய் என்பது மற்ற இடங்களோடு பார்க்கையில் அதிகமில்லை. ஆனால் சேர்க்கும்போதே, நோயாளியின் சொந்தத் தெருவுக்கு எத்தனை முறை அழைத்துப் போவீர்கள், விடுவித்த பிறகு எத்தனை மாதம் தொடர்பில் இருப்பீர்கள் என்று கேளுங்கள். எப்போது குடிப்பார், எங்கே, எந்தத் தம்ளரில் என்று அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே எழுதிக் கொடுங்கள். விடுவிப்புத் தாளைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு, அடுத்த அச்சில் அந்த வரியைச் சேர்ப்பதாகப் பதில் வந்திருக்கிறது. இதை எழுதும் நாள் வரை புதிய தாள் எங்கள் கைக்கு வரவில்லை. அண்ணனுடைய தாளின் அடியில் அதை நானே சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தேன். அண்ணி அதைச் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம், மாத்திரை டப்பாவுக்கு நேர் மேலே ஒட்டி வைத்திருக்கிறார்.